எஜமானைப் பிடிக்கும் என்றேன்

இன்று மலாக்காவிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பும்போது, சோதனைச் சாவடியில் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு யாராவது அரிசி கொண்டுபோகிறார்களா என்று பார்க்கத்தான்.

என் பையில் நாளை வகுப்பில் நடத்த வேண்டிய ஆங்கில நாடகப் புத்தகம் இருந்தது. வேலைக்காரன் எஜமானை எதிர்த்துப் பேசும் பக்கம் முழுக்கச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன்.

துப்பாக்கியோடு நின்ற வெள்ளைக்கார அதிகாரி சரியாக அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார். என்னையும் கம்யூனிஸ்ட் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்தேன்.

“இதில் உனக்கு யாரைப் பிடிக்கும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“எஜமானை” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. பள்ளி நாடகத்தில் தாம்தான் எஜமானாக நடித்ததாகச் சொல்லி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ் கிளம்பியதும் பக்கத்தில் இருந்த பால்மரம் வெட்டும் அக்கா, “தொரை என்னா கேட்டாரு?” என்றார். நடந்ததைச் சொன்னேன்.

“இதத்தான்லா நாங்க தெனம் விடிகாலையில பெரட்டுல வரிசையா நின்னு தொரைகிட்ட சொல்றோம். இதுக்கா தங்கச்சி பி.ஏ. படிச்ச?”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

தோழிகளே, நீங்களாக இருந்தால் யாரைச் சொல்லியிருப்பீர்கள்? உண்மையாகச் சொல்லுங்கள். கேட்பது நான்தான், துப்பாக்கி இல்லை.