மஞ்சள் தண்ணீர் தெளித்த கூடு

என் கையெழுத்து கோணல். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் வாய்க்கால் ஓரமாக எங்கள் வீடு. நானும் மனைவியும் மட்டும்தான். இரண்டு முயல்கள் வளர்த்தோம், ஆண் ஒன்று, பெண் ஒன்று. எந்நேரமும் ஒட்டியே கிடக்கும். ஒன்று தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடினால் மற்றது அதன் நெற்றியை நக்கிக் கொடுக்கும்.

ஒருநாள் காலை முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆண் சரிந்து செத்துப்போனது. பெண் கிணற்றடியில் நின்றது. கண்டால் ஏங்கும் என்று, அதற்குத் தெரியாமல் எடுத்துப்போய்ப் புதைத்தேன். மனைவி செத்தவீடு கழுவுவதுபோலக் கூட்டைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தண்ணீரும் தெளித்தாள்.

அன்று பின்னேரமே பெண் சாப்பாட்டை விட்டுவிட்டது. கூட்டின் ஓரமாக ஒதுங்கிப் படுத்து, பக்கத்து வெற்றிடத்தை நக்கியது. பிறகு தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடிக் காத்திருந்தது.

"இஞ்சாருங்கோ, அதுக்குப் பக்கத்திலை ஆர் நிக்கினம்?" என்றாள் மனைவி.

"ஒருத்தருமில்லை."

"பின்னை ஏன் இடம் விட்டுக் குடுக்குது?"

மறுநாளும் அது தின்னவில்லை. முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. இதுவும் போய்விடும் என்று பயந்து, பூவரசங்குளத்தில் முயல் வளர்க்கும் மனைவியின் தம்பிக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"என்ன அத்தான், மஞ்சள் தண்ணியும் தெளிச்சாச்சோ? எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சாப்பாட்டுக்கு எங்களையும் கூப்பிடுங்கோ!" என்று சிரித்தான். பிறகு சொன்னான்: "பிரேதத்தை அதுக்குக் காட்டியிருக்கோணும். மணந்து பாத்தாத்தான் செத்தது விளங்கும். நீங்கள் மணத்தையும் கழுவிப்போட்டியள். அது இன்னும் தேடுது. தனிய விடாதையுங்கோ, ஒரு ஆணைக் கொண்டுவாறன்."

பொழுதுபடமுன்னம் வந்துவிட்டான். சண்டை பிடிக்கும் என்று நடுவில் கம்பிவலை வைத்தான். பெண் பின்னங்காலால் பலகையில் ஓங்கி அடித்தது. புதியது கவனிக்காமல் முள்முருக்கு இலையை மென்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்த பெண், மெல்ல ஒரு இலையை இழுத்தது.

"தின்னுது, தின்னுது!" என்று மனைவி என் கையைப் பிடித்தாள்.

வலையை எடுத்து இப்போது கனநாள். பெண் தேறிவிட்டது. இரண்டும் ஒன்றாகவே தின்கின்றன. ஆனால் படுக்கும்போது மட்டும் நடுவில் ஒரு முயல் அளவு இடம் விடுகின்றன.

இன்று காலை, புதியது அந்த வெற்றிடத்தைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. செத்த முயலை அது ஒருநாளும் கண்டதில்லை. மனைவியிடம் நான் சொல்லவில்லை.

2024 பங்குனி 12, செவ்வாய்க்கிழமை.