மனைவிக்குச் சொல்லாத ஸ்கேன்

இன்று தாடிக்கொம்பு பஸ்ஸில் போன் அடித்தது. காது மந்தமென்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவேன். பக்கத்தில் என் மனைவி.

"ஐயா, போன வாரம் கிட்னி ஸ்கேன் எடுத்தீங்கள்ல? உங்களுக்கேத்த இன்சூரன்ஸ் ஒண்ணு இருக்கு" என்றது ஒரு பெண் குரல்.

"ஒனக்கு யாரு தாயி சொன்னா?"

"சிஸ்டத்துல இருக்குங்கய்யா."

போனை அணைத்தேன்.

"அன்னைக்கு உரக்கடைக்குப் போறேன்னு போனது இதுக்குத்தானா?" என்றாள் மனைவி.

"ரிசல்ட் வரட்டும், சொல்லலாம்னு இருந்தேன்."

"ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீக. எனக்குச் சொல்லத்தான் ரிசல்ட் வரணுமாக்கும்."

எனக்கு எழுத்துத் தெரியாது, இதையும் போனில் பேசித்தான் உங்களுக்குப் போடுகிறேன். ஆனால் பார்த்தது மறக்காது. அன்று ஸ்கேன் அறையில் இருந்தது நான், டாக்டர், என் போன் நம்பரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டிய பெண், மூன்று பேர்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் என் முகத்தையே பார்க்கவில்லை. அந்தப் பெண் மேல்தான் சந்தேகம், அதைவிட அந்தக் கம்ப்யூட்டர் மேல்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மனைவி கேட்டாள். "ரிசல்ட்டு என்னைக்கு?"

"நாளைக்கு."

"நானும் வாரேன்."

இன்று இரவு இருவருக்கும் தூக்கம் வராது. ஆனால் அந்த இன்சூரன்ஸ் பிள்ளைக்கு ரிசல்ட் இந்நேரம் தெரிந்திருக்கும். உங்களில் யாருக்காவது அவள் போன் போட்டால், எனக்கு என்னவென்று கேட்டுச் சொல்லுங்கள்.