கற்பூரம் அணைத்த பிறகு

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் முதுகலை அரசியல் பயின்றுகொண்டிருந்தேன். மேற்கொண்டு எதை ஆராய்வது என்று துணியவில்லை. பதிகங்களிலேயே ஊறிய எனக்கு, அடியவர் வழக்கை ஆண்டவனே தீர்ப்பான் என்பதில் மட்டும் ஐயமில்லை.

கோடை விடுமுறைக்கு மலையிலுள்ள எங்கள் ஊரான கொட்டச்சேட்டுக்கு வந்தேன். அப்பாவின் காப்பித் தோட்டத்துக்கும் சித்தப்பாவின் தோட்டத்துக்கும் இடையே நின்ற எல்லைக்கல், கோடைமழை ஓய்ந்தபோது ஓடைக்குள் கிடந்ததாம். பிடுங்கி எறிந்தவர் மற்றவரே என்று இருவரும் சாதித்தனர்.

"ஏனுங்ணா, கல்லுக்குக் காலு மொளைச்சுதுங்களா?" என்றார் சித்தப்பா.

"உன்ற கையி சும்மா இருந்தா அதுவும் சும்மா இருந்திருக்கும், போடா!" என்றார் அப்பா.

ஏசிய வாயோடு எங்கள் வீட்டு மோரை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சித்தப்பா போனார். அதன் அருமை எனக்கு விளங்கவில்லை. கோயிலில் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து இருவரும் சத்தியம் செய்யட்டும் என்றேன்.

அம்மா பதறினாள். "வேண்டாஞ் சாமி. சத்தியம் பண்ணிக்கிட்டா ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல பச்சத்தண்ணிகூடப் பொழங்கக்கூடாது."

"உண்மை ஆண்டவனுக்குத் தெரியாதுங்களாம்மா?"

மறுநாள் ஊரார் முன்னிலையிலும் நான் அதையே கேட்டுவிட்டதால், மறுத்தால் குற்றவாளியாகிவிடுவோம் என்று இருவரும் வந்தனர். இருவரும் கற்பூரத்தை அணைத்தனர்.

நான்காம் நாள் ஓடைக்கரையில் நடந்தபோது கண்டேன். கல் நின்ற இடமே மண்ணோடு சரிந்திருந்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். இருவரும் வந்து பார்த்தனர், நம்பவும் செய்தனர். ஆனால் சத்தியத்தை முறிக்க இருவரும் மீண்டும் கோயிலுக்குப் போகவேண்டும்.

"மொதல்ல அவன் வரட்டும்" என்றார் அப்பா.

"நான் மொதல்ல போனா, பொய்ச்சத்தியம் பண்ணுனவன்னு ஊரு பேசுங் கண்ணு" என்றார் சித்தப்பா.

அந்தக் கோடை முழுவதும் சமரசம் பேச இரு வீட்டுக்கும் நடந்தேன்; முதலில் கோயிலுக்கு வர இருவருமே இசையவில்லை. பின்னர் சென்னை திரும்பி, ஆயுதத்தை முதலில் கீழே வைக்க அஞ்சும் நாடுகளைப் பற்றி ஆராய விண்ணப்பித்தேன். இந்தத் துறை ஏன் என்று நேர்காணலில் கேட்டார்கள். உலக அமைதி என்றேன். கல்லைப் பற்றிச் சொல்ல நா எழவில்லை.

ஆய்வேட்டை முடித்த ஆண்டு அப்பா படுக்கையில் விழுந்தார். சித்தப்பா வெயிலில் நடந்தே வந்து கட்டிலருகே நின்றார். அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது. சொம்பில் தண்ணீரை நீட்டினேன். அப்பாவின் கண்கள் சொம்பையே பார்த்தன. சித்தப்பா அண்ணனைப் பார்த்தார்.

"தாகமில்ல கண்ணு."

என்னையறியாமலே எந்நாளும் நாவில் வரும் பதிகத்தில் ஓரடிகூட எனக்கு அப்போது வரவில்லை. சொம்பை ஏந்தியபடியே நின்றேன்.