கொம்பையா தடவிய எண்ணெய்

கொம்பையாவால் ஒரு நிமிஷம் சும்மா நிற்க முடியாது. கால் ஆடும், இல்லாவிட்டால் விரல் எதையாவது நோண்டும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். 2011-இல் ஒரகடத்தில் பஸ் ஜன்னல் கண்ணாடி செய்யும் கம்பெனி ஒன்றில் நானும் அவனும் ஜோடி. மேசையில் படுத்திருக்கும் பெரிய கண்ணாடியை ஆளுக்கொரு பக்கம் ரப்பர் கப்பு வைத்துத் தூக்கி ஸ்டாண்டில் நிமிர்த்த வேண்டும். கப்பை அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறிவிடும். அப்புறம் வெளிக்காற்றுதான் அதைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடிக்கிறது.

அவன் கப்பு பழசு. ஓரம் காய்ந்து, காற்று புகுந்து, ஒரு கண்ணாடி ஏற்கெனவே தூள்தூளாகியிருந்தது. "இன்னொண்ணு ஒடைஞ்சா கேட்டுக்குள்ள கால் வைக்காத" என்று சொல்லிவிட்டார் சூப்பர்வைசர் பலராமன். புதுக் கப்பு கேட்டால், வரும் வரும் என்றார்கள். அடுத்த ஞாயிறு ஊருக்குப் போய்ப் புதுப்பெண்டாட்டி மரகதத்தை அழைத்துவர இருந்தான் கொம்பையா. சுங்குவார்சத்திரத்தில் ரூமும் பார்த்தாகிவிட்டது. வேலை போனால் எந்த முகத்தோடு போய் அழைப்பான்? பயல் சோறு தின்னும்போதுகூட உட்காரவில்லை.

மறுநாள் அவன் கப்பு மின்னியது.

"இன்னாடா, பளபளன்னு கீது?"

"தேங்காண்ணெ தடவுனேன் மைக்கேலண்ணே. சைக்கிள் பம்புல வாசர் காஞ்சா காத்து ஏறாதுல்லா? ரெண்டு சொட்டு விட்டா கிண்ணுன்னு புடிக்கும். இதுவும் காத்து சமாச்சாரந்தான?"

கண்ணாடியில் ஒட்டி இழுத்துக் காட்டினான். உடும்புப் பிடி. நானும் என்னத்தைச் சொல்ல?

மேசையிலிருந்து தூக்கியபோது ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சனியன் பிடித்த கண்ணாடி நிமிர்ந்ததும்தான் நகர ஆரம்பித்தது. கப்பு கழலவில்லை, காற்று அமுக்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எண்ணெய் வழுக்கிக் கண்ணாடி மெல்லக் கீழே இறங்கியது, என் கால் இருந்த பக்கமாக. என் கால்மேல் இறங்கியிருந்தால் கண்ணாடி ஒருவேளை பிழைத்திருக்கும்.

"கால எடுங்கண்ணே!" என்று கத்திக்கொண்டே அதைத் தன் பக்கம் இழுத்துச் சிமெண்டுத் தரையில் போட்டான்.

பலராமன் ஓடிவந்தார். "என் காலு போயிருக்கும் சார், இவன்தான் காப்பாத்துனான்!" என்று கத்தினேன்.

அவர் கப்பைத் தொட்டுப் பார்த்து, "எண்ணெ தடவுனது யாரு?" என்று கேட்டார். கொம்பையாவின் கழுத்திலிருந்த அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்.

கேட்டுவரை கொம்பையா பின்னாலேயே ஓடினேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அறிவு கீதாடா ஒனக்கு? கண்ணாடிய வுட்டுட்டு இன்னாத்துக்குடா என் காலப் பாத்த? மரகதத்துக்கு இன்னாடா பதில் சொல்லுவ?" சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் கால் ஆடாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கப்பு கடைசி வரைக்கும் விடலண்ணே" என்றான். பிறகு குனிந்து என் ஷூவைப் பார்த்தான். "கால்ல படலல்லா?"