குளுவாங் பாசாரில் மெர்சிங் மடவை

1. குடல் கேட்ட பையன்

ஜப்பான்காரன் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்பு ஒருநாள், செட்டியார் வீட்டுப் பையன் ஒருவன் என் பலகை முன்னால் வந்து நின்றான். மடவை மீன் விலையைக் கொடுத்தான். மீனை நானே வைத்துக்கொள்ளலாம், குடல் மட்டும் வேண்டும் என்றான். குளுவாங் பாசாரில் மீன் விற்கிற எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். கேலி செய்கிறான் என்று நினைத்து விரட்டினேன். அவன் போகவில்லை.

பெயர் வைரவன். சிங்கப்பூர் காலேஜில் உயிரியல் படிக்கிறான். மெர்சிங் கரையில் மடவை எதைத் தின்று வாழ்கிறது என்று கட்டுரை எழுத வேண்டும். மெர்சிங்கில் தங்க இடமில்லை. குளுவாங்கில் மாமா வீடு இருந்தது. மெர்சிங் மீன் இங்கே வரும் என்று யாரோ சொல்ல, ஜாடிகளோடு வந்துவிட்டான்.

அவன் அப்பாவுக்கு மூவாரில் வட்டிக்கடை. மகன் மீன் குடலை நோண்டுவது அவருக்கு அவமானம். இந்தக் கட்டுரையைப் பேராசிரியர் ஒப்புக்கொண்டால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் கடையில் வந்து உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்தப் பயத்தோடுதான் பையன் தினமும் என் பலகையில் குடலைக் கீறிக்கொண்டிருந்தான். மீன் நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்காகவே எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

2. நாலு பேர் ஒரு பக்கம்

பாசாரில் நாங்கள் ஐந்து பேர் மீன் விற்றோம். மீன் எங்கே பிடித்தது என்று அவன் எல்லாரிடமும் கேட்டான். எதிர்ப்பலகை முனியாண்டி நெஞ்சில் அடித்துக்கொண்டு, மெர்சிங் மீன், விடியற்காலையில் பிடித்தது என்றான். மற்ற மூவரும் அதையே சொன்னார்கள். மீன் வியாபாரத்தில் அது பொய்க் கணக்கில் சேராது. மெர்சிங் என்றால் எஸ்டேட் ஜனங்கள் பேரம் பேசாமல் வாங்குவார்கள். அதனால் எல்லா மீனும் மெர்சிங் மீன்தான்.

எனக்கு அந்த வாய் கிடையாது. மேற்குக் கரையில் பத்து பகாட் என்ற ஊரில் பிடித்த மீன் என்று உள்ளதைச் சொன்னேன். என் பலகையில் ஈ மொய்த்ததற்கு அதுதான் காரணம்.

பையன் யோசித்துவிட்டு, "நாலு பேர் ஒரே மாதிரி சொல்றாங்களேண்ணே, நீங்க ஒருத்தர்தான் மாத்திச் சொல்றீங்க" என்றான்.

"அப்ப நான் பொய்க்காரனா? அந்த நாலு பேர்கிட்டயே போய்க் குடல் வாங்கிக்க. இங்க நிக்காத" என்றேன்.

மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதது போல ஜாடியோடு வந்து நின்றான். நானும் இடம் விட்டேன்.

ஆனால் அவன் முகம் வாடியிருந்தது. மெர்சிங் கரை மணல் கரை. மடவை அடிமண்ணைச் சேர்த்து விழுங்குகிற மீன். அதன் குடலில் மணல் இருக்க வேண்டும். எந்தப் பலகை மீனைக் கீறினாலும் மையைப் போலக் கறுப்புச் சேறுதான் வந்தது. ஜாடி சுத்தமில்லை, தன் கைதான் சரியில்லை என்று அவனே முடிவு கட்டி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கப்போகிறேன் என்றான். கட்டுரையைக் கொடுக்க நாள் நெருங்கிவிட்டது. கொட்டினால் மூவார்க் கடைதான்.

3. ஐஸ் உருகிய காலை

அன்றைக்கு மீன் லாரி வழியில் பழுதாகி வெயில் ஏறிய பிறகு வந்தது. பெட்டிகளில் ஐஸ் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. மீன் வயிறு வெடித்துக் கிடந்தது. ஐந்து பேரும் லாரியைச் சூழ்ந்துகொண்டோம். முனியாண்டிதான் முன்னால் நின்றான்.

"உங்க பத்து பகாட் தவுக்கேகிட்ட போய்ச் சொல்லு. மாசத்துக்கு ரெண்டு தடவ இந்த அழுகல வாங்கிக்கிட்டுச் சும்மா இருக்க முடியாது லா."

மற்ற மூவரும் அந்தத் தவுக்கேயை, அதே மீன் முதலாளியைத்தான் திட்டினார்கள்.

வைரவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக என்னிடம் கேட்டான். "மெர்சிங் மீன் கெட்டதுக்கு ஏன்ணே பத்து பகாட் தவுக்கேயைத் திட்டுறாங்க?"

கொட்டுவதற்காக ஓரமாக எடுத்து வைத்திருந்த ஜாடிகளை அவன் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பத்து பகாட் கரை முழுக்கக் கறுப்புச் சேறு. மீன் பொய் சொல்லவில்லை.

அதோடு அவன் விடவில்லை. இந்தப் பாசாருக்கு மடவை கொண்டுவர வேறு லாரி உண்டா என்று லாரிக்காரனிடமே போய்க் கேட்டான். இங்குள்ள அத்தனை பேருக்கும் தான் ஒருவனே கொண்டுவருவதாக லாரிக்காரன் சொன்னான். நாலு வாய், ஒரு லாரி.

கட்டுரைத் தலைப்பில் மெர்சிங்கை அடித்துவிட்டுப் பத்து பகாட் என்று எழுதினான். பேராசிரியர் ஒப்புக்கொண்டார். மூவார்க் கடைக்கு வேறு ஆள் வைத்தார்கள்.

இப்போது காலேஜில் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவன் விற்கும்போது சொல்வதை எழுதி வைக்காதே. நஷ்டப்பட்டவன் யாரிடம் சண்டைக்குப் போகிறான் என்று பார். நாலு பேர் ஒன்றையே சொன்னால், அந்த நாலு பேருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று கேள். உன் கையில் இருக்கிற ஜாடி வேறு மாதிரி சொன்னால் அவசரப்பட்டுக் கொட்டாதே.

அடுத்த லீவில் வைரவன் பாசாருக்கு வந்தான். முனியாண்டி ஒரு மடவையைத் தூக்கிக் காட்டி, "சார், மெர்சிங் மீன், விடியக்கால புடிச்சது" என்றான்.

"சரிண்ணே. கெட்டுப்போனா யார்கிட்ட வரணும்?"

"அதுக்கு நான் என்ன பண்றது, பத்து பகாட் தவுக்கேகிட்ட போங்க" என்றான் முனியாண்டி, வாய் தவறி. பாசாரே சிரித்தது. பையன் அந்த மீனை வாங்கிக்கொண்டான். குடலைக் கேட்கவில்லை.