தொட்டிலை நிறுத்தச் சொன்ன லாரி

மலேசியாவில் லாபு பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு அடியில் நிலக்கரி இருக்கிறதா என்று பார்க்க ஒரு லாரி வந்தது. அதன் பின்னால் பெரிய இரும்புக் கட்டை. அதைத் தூக்கித் தரையில் போட்டால் அதிர்வு பூமிக்குள் இறங்கும். கல்லும் கரியும் சந்திக்கும் இடத்தில் பட்டுத் திரும்பி வரும். வருவதைக் கேட்பதற்கு எங்கள் வாசலிலிருந்து செம்பனை மரங்கள் வரை ஆணி போன்ற கருவிகளை வரிசையாகக் குத்தி வைத்தார்கள்.

"கீழ கரி இருக்காம், அத்தை" என்று மாமியாரிடம் சொன்னேன்.

"கறியா? என்ன கறி?"

"எரிக்கிற கரி."

"நம்ம வீட்ல கேஸ் அடுப்பு லா. அவனுங்களையே வச்சுக்கச் சொல்லு."

என் கவலை வேறு. தடுப்பூசிக் காய்ச்சல் இறங்கிய பிறகும் என் மகள் தூங்கவில்லை. அதிகமாகப் போர்த்திவிட்டேனா, குறைவாகப் போர்த்தினேனா என்று கைப்பேசியில் தேடி, இரண்டுமே தவறு என்று படித்திருந்தேன். அன்று காலைதான், விட்டத்தில் தொங்கும் ஸ்பிரிங் தொட்டிலில் அவளுக்குக் கண் சொக்கியது. தொட்டில் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் அழுகை.

வெளியே நிபுணர்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். கணினியில் ஏதோ ஒன்று சீராகத் துடிக்கிறதாம். தண்ணீர் பம்பை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு மாட்டை விரட்டினார்கள். கடைசியில் தலைக்கவசம் போட்ட இளைஞர் ஒருவர் எங்கள் கூடத்தை எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இதுதான்! கொஞ்சம் நிப்பாட்டுங்க லா."

தலைக்கவசம் போட்டவர் சொன்னால் நான் கேட்டுவிடுவேன். நிறுத்தினேன். மகள் வீறிட்டாள். மாமியார் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு திம்திம் என்று நடந்தார். இளைஞர் ஓடி வந்தார்.

"அக்கா, இப்ப யானை நடக்கிற மாதிரி தெரியுது."

"யாரடா யானைங்கிற?" என்றார் மாமியார்.

இளைஞர் பயந்துபோய் ஒரு கருவியைக் காட்டி விளக்கினார். உள்ளே சின்ன ஸ்பிரிங், அதில் ஒரு எடை. தரை அதிர்ந்தால் அது ஆடுமாம்.

"அப்ப இதுவும் தொட்டில்தானே?" என்றேன்.

தொட்டில்களை மண்ணில் குத்தி வைத்திருப்பவர்கள், எங்கள் ஒரே தொட்டிலை நிறுத்தச் சொன்னார்கள். அவர்கள் பெரிய சத்தம் போடுவதற்காக நாங்கள் மூச்சுவிடாமல் இருக்க வேண்டுமாம்.

மாமியார் குழந்தையை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்தார். கட்டை விழுந்தது. அலமாரியில் தம்ளர்கள் குலுங்கின. அடுத்த அலறலுக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன். அலறல் வரவில்லை. மறுபடி ஒரு இடி. மறுபடி. மகளின் இமைகள் தாழ்ந்தன. நான் எத்தனை பாட்டுப் பாடியும் வராத தூக்கம், லாரி தட்டிக் கொடுத்ததும் வந்துவிட்டது. சந்தேகம் தீராமல் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு ஒழுங்காக வந்தது.

வேலை முடிந்தது. கருவிகளைப் பிடுங்கினார்கள். லாரி கிளம்பியது. வீடு அமைதியானது, மகள் கண்ணைத் திறந்து வாயைக் கோணினாள்.

மாமியார் அவளை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு ஓடினார்.

"தம்பி! கரி கிடைக்காட்டி போகுது, இன்னும் கொஞ்சம் தட்டிட்டுப் போங்க லா!"