சீசன் டிக்கெட்டுக்காரரின் தன்மானம்

ரத்தினவேலுக்கு ஓசி என்றால் ஆகாது. கல்யாண வீட்டில் தாம்பூலப் பை நீட்டினால்கூட, மொய் எழுதியாச்சா என்று மனைவியிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். கீரனூரில் வீடு, திருச்சியில் பெயிண்ட் கடையில் வேலை. பதினெட்டு வருஷமாகக் காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்கால பாசஞ்சரில் திரும்புகிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து துண்டை மடியில் போட்டதும் பிரசங்கம் ஆரம்பமாகிவிடும். “அடுத்தவன் காசுல ஒரு வாய் டீ குடிச்சிருப்பமா நாம?” என்பார். சுற்றியிருக்கும் சீசன் டிக்கெட்டுக்காரர்கள் ஆமாம் சாமி போடுவார்கள். மாசம் பூராவும் போய்வர, பத்து நாள் டிக்கெட் காசுக்குள் சீசன் முடிந்துவிடுகிறது என்று அதையும் தன் சாமர்த்தியமாகவே சொல்லிக்கொள்வார்.

அடடா, என்ன சாமர்த்தியம்! இப்போது அவரே இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறார்.

ஏழு மாசத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது இது. அவர் மனைவி செவந்தியின் அக்கா மூக்காயி, குளத்தூரில் தனியாக இருப்பவர், காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தார். செவந்தி வாராவாரம் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவாள். பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் இருந்ததால் போக்குவரத்துக்குக் கஷ்டமில்லை. அன்றைக்கு லீவில் இருந்த ரத்தினவேல் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நாலு பேரோடு நின்றார். பஸ் வந்தது, செவந்தி அதை நோக்கி நடந்தாள். இவர் வாய் சும்மா இருக்குமா?

“ஓசி வண்டி வந்திருச்சு, ஓடு ஓடு! சர்க்கார் காசுல ஊர் சுத்துறதுன்னா ஒங்களுக்கெல்லாம் கால் தரையில நிக்காதே!”

டீக்கடையே சிரித்தது. செவந்தி திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள். மறுநாள் ரயிலிலும் இதைச் சொல்லி இன்னொரு சிரிப்பு வாங்கினார் மனுஷன்.

அடுத்த வாரத்திலிருந்து செவந்தி குளத்தூருக்குப் போகவில்லை. அக்கா தங்கச்சிக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று இவராக நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை.

இப்படியே ஏழு மாசம் ஓடிய பிறகுதான் சீசன் கட்டணம் ஏறப்போகிறது என்று யாரோ ரயிலில் புரளி கிளப்பிவிட்டார்கள். பெட்டியே கொதித்தது. மனுக் கொடுப்போம் என்று முடிவாயிற்று. “எங்க வீட்ல எழுத்து முத்து முத்தா இருக்கும், நான் எழுதி வாங்கிட்டு வாரேன்” என்று ரத்தினவேல் முந்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் செவந்தி வெள்ளைத்தாளோடு உட்கார்ந்தாள். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொன்னார்.

“ஏழை எளிய மக்களாகிய எங்களுக்கு அரசு இதுவரை அளித்து வரும் மானியத்தை நிறுத்தாமல், கருணை கூர்ந்து தொடர்ந்து வழங்குமாறு...”

பேனா நின்றது.

“மானியம்னா என்னங்க?”

“ரயில் ஓட்டுறதுக்கு நாம குடுக்குற காசு கட்டுபடியாகாதுல்ல? மிச்சத்த கவர்மெண்டு போட்டுக்கிரும்.”

“வேண்டாம்னு சொல்லிருங்களேன். ஒங்களுக்குத்தான் ஓசி ஆகாதே.”

“ஏய், இது ஓசியா? காசு குடுத்து எடுத்தது!” சட்டைப் பையிலிருந்து சீசனை உருவி முன்னால் போட்டார். பிளஸ் டூ படித்த செவந்தி அதிலிருந்த பொடி இங்கிலீஷ் எழுத்தில் விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

“பயணச் செலவுல சராசரியா அம்பத்தேழு சதவீதந்தான் வசூலாகுதாம். அப்ப மிச்சம் யாரு வீட்டுக் காசு?”

பதினெட்டு வருஷமாக நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு திரிந்த சீட்டு. ஒரு நாளாவது அதைப் படித்திருப்பாரா! ரத்தினவேல் வாங்கிப் பார்த்தார். சீசனுக்கு அரசு போடுவது இன்னும் கூடுதலாகவே இருக்கும்; பத்து நாள் காசில் மாசம் பூராவும் போய்வருவதாக அவர் வாயாலேயே பீற்றிக்கொண்ட கணக்குதானே. செவந்தி சிரித்திருந்தால்கூடச் சமாளித்திருப்பார், அவள் சிரிக்கவில்லை.

“அக்காவப் பாத்து ஏழு மாசமாச்சு. செவ்வாக்கெழமைன்னா இன்னமும் வாசலப் பாத்துக்கிட்டே கெடக்குதாம்.”

“நீங்க ரெண்டு பேரும் சண்டைன்னுல்ல...”

“எங்களுக்குள்ள என்ன சண்டை? அந்த பஸ்ஸப் பாத்தாலே நீங்க நாலு பேரு சிரிச்சதுதான் கேக்குது. காசு குடுத்துப் போகலாம்னா, அதுக்கும் ஒங்ககிட்டதான் கை நீட்டணும்.”

ரத்தினவேல் சீசனை மறுபடி சட்டைப் பைக்குள் வைத்தார். “தப்புத்தான் செவந்தி” என்றார்.

“வீட்டுக்குள்ள சொன்னா ஆச்சா? எங்க சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க. பெறகு மனு எழுதித் தாரேன்.”

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு போட்டார். அதே டீக்கடை. அன்றைக்குச் சத்தமாகச் சிரித்த திருப்பதி கையில் கிளாஸோடு நின்றான். குளத்தூர் பஸ் வந்து நின்றதும் ரத்தினவேல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஏப்பா திருப்பதி, அன்னிக்கு இவள ஓசின்னு சொன்னேன்ல? ரயில்ல பதினெட்டு வருஷமா நாந்தாப்பா ஓசி.”

“என்னண்ணே, காலங்காத்தால என்னாச்சு ஒங்களுக்கு?” என்றான் திருப்பதி. இவர் அதற்குள் செவந்தியின் பின்னாலேயே பஸ்ஸில் ஏறிவிட்டார்.

கண்டக்டர் செவந்திக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு இவரைப் பார்த்தார். பழகிய கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. “சீசன்” என்று எடுத்து நீட்டினார்.

“இது பஸ்ஸுங்க!”

பஸ்ஸே சிரித்தது. செவந்தியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவர் பர்ஸைத் தேடினார். பதற்றத்தில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அக்காவுக்குப் பழம் வாங்க முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்து, செவந்திதான் அவருக்கு டிக்கெட் எடுத்தாள்.

குளத்தூரில் மூக்காயி கதவோரம் கட்டிலில் சாய்ந்திருந்தார். “வாங்க தம்பி, எதுல வந்தீங்க?”

“ஓசியிலதான் மதினி. ஒங்க தங்கச்சி காசுல.”

மூக்காயி அதைக் காதில் வாங்கவில்லை. கிட்டே வந்த செவந்தியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“பஸ்ஸு கிஸ்ஸு நின்னு போச்சோன்னு நெனச்சேன்டி” என்றார்.

ரத்தினவேல் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் வெகுநேரம் வெளியிலேயே குனிந்து நின்றார்.